முதல் நாலு ஃப்ரெட்டில் ஒரு சோதனை: நோட்டேஷனோடு பேஸ் தொடங்குபவருக்கு யமஹா டிஆர்பிஎக்ஸ் 174

பேஸ் கிட்டார் விமர்சனங்கள் பெரும்பாலும் சத்தத்தைப் பற்றியே பேசும். ஸ்லாப் அடித்தால் எப்படிக் கேட்கிறது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் கை தடையில்லாமல் போகிறதா, என்ன நிறத்தில் கிடைக்கிறது. முதல் நாளிலிருந்தே நோட்டேஷனை, அதாவது ஐந்து கோட்டில் எழுதிய இசைக்குறிகளை, பார்த்து வாசிக்கக் கற்கப்போகிறவருக்கு இதில் பாதி தேவைப்படாது. முதல் ஆறு மாதம் அவர் குடியிருக்கப்போவது தலைப்பக்கத்து நாலு ஃப்ரெட்டில்தான். அதனால் யமஹா டிஆர்பிஎக்ஸ் 174-ஐ அந்த நாலு ஃப்ரெட்டை வைத்தே எடைபோடுவோம். அப்படிப் பார்த்தால் இது நல்ல கருவி. ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு அல்ல, ஒழுங்காக ஒரு செட்டப் (கம்பி உயரம், நெக் வளைவு எல்லாம் சரிசெய்வது) செய்த பிறகு.

விவரங்கள் சுருக்கமாக: நாலு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (ஒலிக்கும் கம்பியின் நீளம்), 24 ஃப்ரெட், போல்ட் போட்டு இணைத்த மேப்பிள் நெக். நெக் பக்கம் இரண்டு துண்டாகப் பிரிந்த பி வகை பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி), பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகள் உட்காரும் பகுதி) பக்கம் நேரான ஜே வகை பிக்கப். வால்யூம் இரண்டு, டோன் ஒன்று. உள்ளே பேட்டரி இல்லாத பாசிவ் கருவி. இதைச் சிலர் குறையாகச் சொல்லி, இதே வரிசையில் ஆக்டிவ் சர்க்யூட் உள்ள 304-ஐ வாங்கச் சொல்வார்கள். கற்பவருக்கு பாசிவ்தான் நிம்மதி. ஆக்டிவ் பேஸில் கேபிளைக் கழற்றாமல் வைத்துவிட்டுத் தூங்கப் போனால் பேட்டரி சும்மா தீர்ந்துகொண்டிருக்கும். மறுநாள் சத்தம் உடைந்து வரும்போது, புதியவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

ஏன் நாலே நாலு ஃப்ரெட்? பேஸ் கிளெஃப் (தாழ்ந்த நோட்டுகளை எழுதப் பயன்படும் குறி) போட்ட ஐந்து கோட்டையும் கருவியின் கழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். திறந்த ஈ கம்பி, அதாவது விரலால் அழுத்தாத ஈ கம்பி, கோடுகளுக்குக் கீழே கூடுதலாகப் போடும் குட்டிக் கோடான முதல் லெட்ஜர் கோட்டில் உட்காரும். ஏ கம்பி கீழிருந்து முதல் இடைவெளி. டி கம்பி நடுக்கோடு. ஜி கம்பி மேல் இடைவெளி. இந்த நாலும் நாலு கால் மாதிரி. மற்றவை எல்லாம் இவற்றுக்கு நடுவே வந்து விழும். கிளெஃப்பின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் நான்காவது கோடு எஃப். அது டி கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்.

ஷார்ப் (அரைப்படி ஏற்றியது), ஃப்ளாட் (அரைப்படி இறக்கியது) இல்லாத நோட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் கீழ் ஈ-யிலிருந்து ஜி கம்பியின் பி வரை 12 நோட்டுகள். நாலு திறந்த கம்பி போக, விரலால் அழுத்த வேண்டியவை எட்டே எட்டு. ஈ கம்பியில் 1, 3. ஏ கம்பியில் 2, 3. டி கம்பியில் 2, 3. ஜி கம்பியில் 2, 4. கவனித்தால், முதல் ஃப்ரெட்டில் விழுவது ஒன்றுதான், எஃப். நாலாவதில் விழுவதும் ஒன்றுதான், பி. தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறுவதும் இந்த இரண்டிலேயே: ஒன்றுக்கு விரல் வலு போதாது, இன்னொன்றுக்கு விரல் எட்டாது.

எட்டாததற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 34 அங்குல ஸ்கேலில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை ஏறக்குறைய 13 செ.மீ. சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரில் (25.5 அங்குலம்) அதே தூரம் 9.7 செ.மீ.தான். கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருபவர் அதே பழக்கத்தில் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று வைத்தால் மணிக்கட்டு மடங்கும், இரண்டே வாரத்தில் முன்கை வலிக்கும். டபுள் பேஸ் ஆசிரியர் சிமாண்ட்லின் பெயரால் அறியப்படும் 1-2-4 முறை இங்கே கைகொடுக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒரே விரலாக. கை மூன்று ஃப்ரெட்டை மூடும். நாலாவது ஃப்ரெட்டின் பி வரும்போது மட்டும் கையை ஒரு ஃப்ரெட் நகர்த்திவிட்டுத் திரும்ப வேண்டும். எட்டில் ஏழு நோட்டுக்குக் கை நகரவே வேண்டாம்.

இதில் டிஆர்பிஎக்ஸ் 174-க்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. 34 அங்குலம் என்றால் எந்த பிராண்டிலும் அதே 13 செ.மீ.தான். 24 ஃப்ரெட் இருப்பதால் கீழ் ஃப்ரெட்டுகள் நெருங்கிவிடாது. கூடுதல் ஃப்ரெட்டெல்லாம் உடம்புப் பக்கம்தான். பத்து வயதுப் பிள்ளைக்கோ, கை நிஜமாகவே சிறியவருக்கோ இந்தக் கருவி வேண்டாம். 28.6 அங்குல ஸ்கேல் உள்ள ஐபனெஸ் மைக்ரோ ஜிஎஸ்ஆர்எம்20-இல் அதே முதல்-நாலாம் ஃப்ரெட் தூரம் 11 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஈ கம்பி சற்றுத் தளர்வாகக் கேட்கும். ஆனால் வலியால் பாதியில் விட்டுவிடுவதைவிட அது மேல்.

இனி நட். தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டை. விலை குறைந்த எந்த பேஸிலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். தொழிற்சாலையில் பள்ளத்தைக் கொஞ்சம் மேலாகவே விடுவது வழக்கம். பள்ளம் ஆழமாகிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டும். மேலாக இருந்தால் அரத்தால் இறக்கிக்கொள்ளலாம் அல்லவா? அதன் விலையைக் கொடுப்பவர் தொடங்குபவர்தான். நட் மேலாக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தக் கூடுதல் பலம் வேண்டும். அதோடு நிற்காது, அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறிவிடும். திறந்த ஈ ட்யூனரில் (சுருதி காட்டும் கருவி) சரியாக நிற்கும், பக்கத்திலேயே உள்ள எஃப் மட்டும் சுருதி ஏறிக் காட்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் வாசிப்பவர் காதில் இது விழவே விழாது. நோட்டேஷன் கற்பவருக்கோ ஒவ்வொரு வரியிலும் விழும்.

சோதிக்கும் முறை எளிது. ஒரு கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்துங்கள். இப்போது முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். தட்டினால் ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் வர வேண்டும். இடைவெளி கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் நட் மேலாக இருக்கிறது. இடைவெளியே இல்லாமல், திறந்த கம்பி மட்டும் ஃப்ரெட்டில் உரசி இரைந்தால் பள்ளம் ஆழம். இந்த வேலையை வீட்டில் அரத்தோடு செய்து பார்க்க வேண்டாம். கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். செட்டப்புக்கு என்று ஒரு தொகையைக் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

மற்ற இரண்டு அளவுகளை நீங்களே பார்க்கலாம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, கடைசி ஃப்ரெட்டில் ஈ கம்பியை அழுத்தி, எட்டாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். சுமார் 0.3 மி.மீ., ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. அதிகமாக இருந்தால், நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை வலஞ்சுழியாகக் கால் சுற்று. குறைவாக இருந்தால் இடஞ்சுழியாகக் கால் சுற்று. அதற்குமேல் ஒரே நாளில் திருப்ப வேண்டாம். மரம் மெதுவாகத்தான் அசையும், ஒரு நாள் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம்: ஜி கம்பிக்கு 2 மி.மீ., ஈ கம்பிக்கு 2.5 மி.மீ. என்றால் தொடங்குபவருக்குச் சுகம். பிரிட்ஜில் உள்ள சின்ன ஸ்க்ரூக்களால் இதை ஏற்றி இறக்கலாம். எங்கே இரைகிறது என்பதும் ஒரு தடயம்: முதல் நாலு ஃப்ரெட்டில் இரைந்தால் நெக் அளவுக்கு மேல் நேராகிவிட்டது, பன்னிரண்டுக்கு மேல் இரைந்தால் பிரிட்ஜ் தாழ்ந்திருக்கிறது.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே நெக் அசையும். வருடத்துக்கு இரண்டு முறை அளந்து பார்ப்பது போதும். கம்பிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு சேர்த்துத் துடைத்தால் பல மாதம் கூடுதலாக உழைக்கும். விரல் வலிக்கிறதே என்று 45–105 தடிமன் கம்பியை எடுத்துவிட்டு மெல்லிய 40–95 போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மெல்லிய கம்பி நெக்கைக் குறைவாகவே இழுக்கும், நெக் பின்னோக்கிச் சாயும், முதல் ஃப்ரெட்டுகள் இரையும். கம்பி மாற்றினால் ட்ரஸ் ராடையும் பார்க்க வேண்டும்.

சத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பி பிக்கப் மட்டும் திறந்தால் உருண்டையான, தெளிவான சத்தம். இரைச்சல் இல்லை, ஏனென்றால் அதன் இரண்டு துண்டும் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும். ஜே பிக்கப் ஒற்றைச் சுருள். அதைத் திறந்ததும் ட்யூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து ‘ம்ம்ம்’ என்று பாடத் தொடங்கும். இது பழுதில்லை. முன் வால்யூம் முழுக்க, பின் வால்யூம் கால்வாசி, டோன் பாதிக்கு மேல் என்று வைத்துவிட்டு, பயிற்சிக் காலம் முழுக்க அந்தப் பக்கமே போகாமல் இருக்கலாம்.

பயிற்சியில் பலரும் கண்டுகொள்ளாதது ரெஸ்ட். கோட்டில் ரெஸ்ட் குறி வந்தால் அங்கே மௌனம் வேண்டும், ஆனால் பேஸ் கம்பி ஒருமுறை தட்டினால் பல விநாடி ஒலித்துக்கொண்டே இருக்கும். அழுத்திய நோட்டை நிறுத்துவது சுலபம்: விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விட்டால் போதும். திறந்த கம்பிக்கு அந்த வசதி இல்லை. அடித்த விரலையே கம்பிமேல் திரும்ப வைக்க வேண்டும், அல்லது இடது கை விரல்களைப் படுக்கப் போட வேண்டும். தொடங்குபவரின் பாடங்களில் திறந்த கம்பிகள் நிறைய வரும் என்பதால் முதல் வாரத்திலேயே இந்தப் பழக்கம் வர வேண்டும். வலது கட்டைவிரலுக்கு இந்த பேஸில் பி பிக்கப் நல்ல இருக்கை. ஈ கம்பியை வாசிக்கும்போது கட்டைவிரல் பிக்கப்மேல். ஏ கம்பிக்கு வந்ததும் ஈ கம்பிமேல். டி, ஜி-க்குப் போகும்போது கட்டைவிரலும் சேர்ந்து கீழே இறங்கட்டும். இல்லாவிட்டால் மேல் கம்பிகள் தாமாக அதிர்ந்து, நோட்டுகள் ஒன்றோடொன்று குழம்பும்.

டேப்லேச்சர் என்ற எண் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்பதை அது சொல்லும். எவ்வளவு நேரம் என்பதை இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான டேப் சொல்லாது. பேஸுக்கு நேரம்தான் சாப்பாடு. ஆனால் கோட்டு நோட்டேஷனிலும் ஒரு சிக்கல் உண்டு, டேப்பில் அது இல்லை: ஒரே நோட்டுக்குப் பல வீடு. மேல் இடைவெளியின் ஜி, திறந்த ஜி கம்பியிலும் கிடைக்கும், டி கம்பியின் 5-ஆவது, ஏ கம்பியின் 10-ஆவது, ஈ கம்பியின் 15-ஆவது ஃப்ரெட்டிலும் கிடைக்கும். 24 ஃப்ரெட் நீட்டிப் படுத்திருக்கும் கழுத்தைப் பார்த்துப் புதியவர் மிரளுவது இதனால்தான். மருந்து ஒன்றே: 12 நோட்டும் கண்ணை மூடினாலும் வரும்வரை ஐந்தாவது ஃப்ரெட்டைத் தாண்டக் கூடாது. வேண்டுமானால் அதற்குமேல் துணி சுற்றி வையுங்கள். சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும்.

ச ரி க ம தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சி-யை ‘ச’ என்று மனதில் ஒட்டிவைத்துக்கொள்ள ஆசை வரும். பாட்டு ஜி மேஜருக்குப் போனதும் ‘ச’ நகர்ந்துவிடும், கோடு நகராது. ஸ்வர ஞானம் காதுக்கு நிறைய உதவும். கண்ணுக்கு எழுத்துப் பெயர்களையே பழக்குங்கள். இன்னொன்று, பேஸ் கிட்டார் எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். பியானோவின் இடது கை வரியைப் பார்த்து வாசித்துவிட்டு ‘ரொம்பக் கீழே கேட்கிறதே’ என்று குழம்ப வேண்டாம்.

பயிற்சிக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும். முதல் ஐந்து நிமிடம் ஒரே ஒரு திறந்த கம்பியில் தாளம் மட்டும்: குவார்ட்டர் (ஒரு பீட் நோட்), ஹாஃப் (இரண்டு பீட் நோட்), ரெஸ்ட். மெட்ரோனோம் நிமிடத்துக்கு 50 தட்டில். அடுத்த பத்து நிமிடம் புது வரிகள். வாசிக்கத் தொடங்கும் முன் டைம் சிக்னேச்சர் (தாளக் குறி), கீ சிக்னேச்சர் (எந்த நோட்டுகள் ஷார்ப், ஃப்ளாட் என்ற குறி), மிக உயர்ந்த நோட், மிகத் தாழ்ந்த நோட் இந்த நாலையும் பார்த்துவிடுங்கள். தொடங்கிய பிறகு தவறினால் நிற்கவும் கூடாது, திரும்பிப் போகவும் கூடாது. தவறிய நோட் போனது போகட்டும், அடுத்த பார் முதல் பீட்டில் ஏறிக்கொள்ளுங்கள். கண் எப்போதும் விரலுக்கு ஒரு பீட் முன்னே ஓட வேண்டும். ஒரே வரியை இரண்டு முறைக்குமேல் வாசித்தால் அது மனப்பாடம், சைட் ரீடிங் ஆகாது. கடைசி ஐந்து நிமிடம் பேஸைக் கீழே வைத்துவிட்டு நோட் பெயரை வாயால் சொல்லிக்கொண்டே படியுங்கள்.

இயல்பான 12 நோட்டுகளுக்கு இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து எஃப் ஷார்ப் (ஈ கம்பி 2, டி கம்பி 4), பி ஃப்ளாட் (ஏ கம்பி 1, ஜி கம்பி 3). இந்த இரண்டு சேர்ந்தாலே ஜி மேஜர், எஃப் மேஜர் கைவசம்.

இப்படி தினமும் புது வரி வேண்டும் என்றால் ஒரு பாடப்புத்தகம் சீக்கிரமே தீர்ந்துவிடும். ட்ராம்போன், செல்லோ தொடக்கப் புத்தகங்களும் பேஸ் கிளெஃப்பில்தான் இருக்கும். செல்லோவில் ஈ-க்குக் கீழே வரும் சி, டி நோட்டுகளை ஒரு ஸ்தாயி ஏற்றி வாசித்துக்கொள்ளலாம். தேவாலயப் பாடகர் குழுவில் யாரையாவது தெரிந்திருந்தால் புதையல்தான். நாலு குரல் பாடல் புத்தகத்தில் அடிக்குரல் வரி பெரும்பாலும் ஒரு பீட்டுக்கு ஒரு நோட், தாண்டல்களும் பேஸ் மாதிரியே போகும்.

மியூசிக் ஸ்டாண்டை வலதுகைக்காரர் சற்று இடது பக்கமாக வையுங்கள். அப்போது தாளும் கழுத்தும் ஒரே பார்வைக் கோட்டில் வரும். ஃப்ரெட்போர்டின் முகத்தில் உள்ள புள்ளிகளைப் பார்க்கக் கருவியைத் தன் பக்கம் சாய்த்துப் பிடிப்பது எல்லோரும் செய்யும் தப்பு. மணிக்கட்டு உடனே மடங்கும். பக்கவாட்டுப் புள்ளிகள் அதற்காகத்தான் இருக்கின்றன. உட்கார்ந்து வாசிக்கும்போதும் ஸ்ட்ராப் போட்டுக்கொண்டால், எழுந்து நிற்கும்போது கை இடம் மாறாது.

கூடவே வாங்க வேண்டியவை. திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கரோ சின்ன கிட்டார் ஆம்ப்போ அதைக் கொடுக்காது, சத்தமாக வைத்தால் கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் கிழியவும் வாய்ப்புண்டு. அபார்ட்மென்ட் வாசிகளுக்கு பேஸுக்கென்றே உள்ள ஹெட்ஃபோன் ஆம்ப்பும் காதை மூடும் ஹெட்ஃபோனும் போதும். கருவியின் தலையில் கவ்வும் ட்யூனர் ஈ கம்பியில் திணறினால், பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து ஹார்மோனிக் அடியுங்கள், முள் நிற்கும்.

தமிழ்நாட்டில் பேஸ் ஆசை பலருக்கும் எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளிலிருந்து வருகிறது. அந்த பேஸ் வரிகள் எழுதிய நோட்டேஷனைப் பார்த்து வாசிக்கப்பட்டவை என்பதை நினைத்துக்கொண்டால் இந்த நாலு ஃப்ரெட் சலிக்காது. ஆனால் ‘அந்தப் பாட்டை மட்டும் அடுத்த மாதம் வாசிக்கணும்’ என்பவருக்கு இந்த வழி மெதுவானது; அவர் காதால் கற்கட்டும், இதே பேஸ் அதற்கும் போதும்.

கடையில் எடுக்கும்போது ஐந்து நிமிடம் கேளுங்கள். முதல் நாலு ஃப்ரெட்டிலும் நாலு கம்பியையும் ஒவ்வொன்றாக அழுத்தி, மெதுவாக ஒருமுறை, பலமாக ஒருமுறை. எஃப் நோட்டை ட்யூனரில் பாருங்கள். நெக்கின் ஓரமாக உள்ளங்கையை ஓட்டுங்கள், ஃப்ரெட் முனை கீறினால் வேறு ஒன்றைக் கேளுங்கள். மூன்று குமிழையும் திருப்பிக் கரகர சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பழையது வாங்கினால் ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று விற்பவர் முன்னிலையில் கால் சுற்று திருப்பிப் பார்த்துவிடுங்கள். திரும்பவில்லை என்றால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.